இதமாக வந்த எச்சரிக்கை

பிரிசில்லாவின் மடிக்கணினி அன்று காலையிலும் பாதி வேலையில் நின்றது. வரைந்துகொண்டிருந்த படகு திரையிலிருந்து மறைந்தது. அந்த இடத்தில் இளநீல எழுத்தில் ஒரு வரி வந்தது.

'கொஞ்சம் களைப்பாக இருக்கிறது. நீங்களும் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்களேன்.'

அவள் டீ குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்ப இயக்கினாள். வரைநிரல் திறந்தது, படகின் பின்பக்கம் வரை வந்தது, மூடிக்கொண்டது. சரி, புதுப்பித்தாலாவது சரியாகுமா என்று பார்த்தாள். புதுப்பிப்பு முக்கால்வாசி ஏறிவிட்டுத் திரும்பி இறங்கியது. 'புதுப்பிப்பை இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோமே. இன்று நல்ல வெயில் அடிக்கிறது.'

என்ன கோளாறு என்று மட்டும் அது சொல்லவேயில்லை. சொல்லவும் முடியாது. கணினி தன் கோளாறைச் சொல்லும் வாசகமும் 'இதமி' வழியாகத்தான் திரைக்கு வந்தது.

இதமி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கைபேசி, கணினி என்று எல்லாவற்றின் அடிப்படை இயக்கத்திலும் அது சேர்ந்தே வந்தது. யார் என்ன எழுதினாலும், என்ன பேசினாலும், பெறுபவரின் கருவியில் இருக்கும் இதமி அதை வாங்கி, வலிக்கும் சொற்களைக் களைந்து, அதே குரலில், அதே முகபாவத்தில், இதமாகத் தரும். அது வந்த பிறகு மாமியார் மருமகள் சண்டைகள் குறைந்தன. அலுவலகங்களில் அழுகை நின்றது. குடும்ப நீதிமன்றங்களில் மதியத்துக்கு மேல் ஆளில்லை. தாங்கள் பேசுவது மாறிப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் தனக்கு வந்தது மட்டும் அசல் என்று ஒவ்வொருவரும் எப்படியோ நம்பினார்கள்.

பிரிசில்லா தூத்துக்குடியில் ஒரு படகுக் கட்டுமானத் தளத்துக்கு ஃபைபர் படகுகளை வடிவமைப்பவள். பதினைந்து வருட வரைபடங்கள் அந்த மடிக்கணினியில் இருந்தன. அவற்றைத் திறக்கும் நிரல் புதுக் கணினிகளில் ஓடாது. ஆகவே அதைத் தூக்கிக்கொண்டு வடிவின் பழுதுகடைக்குப் போனாள். வடிவு அவளுக்குப் பள்ளியில் இரண்டு வகுப்பு இளையவள். கணினி படித்துவிட்டுப் பெங்களூரில் இருந்தவள், அலுத்துப்போய் ஊருக்கே திரும்பிக் கடை போட்டிருந்தாள்.

"என்ன சொல்லுது?" என்றாள் வடிவு.

"களைப்பா இருக்காம்."

வடிவு சிரித்தாள். "எல்லாக் கணினியும் இதத்தான் சொல்லுது. போன வாரம் ஒண்ணு உள்ள கருகியே போச்சு. 'எனக்குள் ஒரு வெதுவெதுப்பு'ன்னு போட்டிருந்துச்சு."

அவள் ஒரு பழைய பென்டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து துவக்கினாள். இதமி எழும்புவதற்கு முன்பே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பிரிசில்லா அப்படிப்பட்ட வாசகங்களைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. புதுப்பிப்பு தோல்வி. நினைவகம் போதவில்லை. வரைநிரல் வலுக்கட்டாயமாக மூடப்பட்டது. மீண்டும் தோல்வி. மீண்டும் தோல்வி. படிக்கப் படிக்க முகத்தில் யாரோ அறைவது போல இருந்தது.

"ஒண்ணும் பெரிய வியாதி இல்லக்கா," என்றாள் வடிவு. "இதமி ஒவ்வொரு புதுப்பிப்புலயும் பெருத்துக்கிட்டே போகுது. இந்தப் பழைய மெஷினால அதச் சுமக்க முடியல. நினைவகத்துல முக்காவாசிய அதுவே பிடிச்சுக்கிடுது. மிச்சத்துல உங்க வரைநிரல் மூச்சுத் திணறிச் சாகுது. புதுப்பிப்பு இறங்குறதுக்கும் இடமில்ல."

"என்ன செய்யலாம்?"

"புது மெஷின் வாங்கலாம், படம் எல்லாம் போயிரும். இல்லன்னா இதமியப் பிடுங்கிரலாம். புது மெஷின்ல அது முடியாது. இதுல முடியும். ஆனா பிடுங்கிட்டா வர்றதெல்லாம் அப்படியே வரும். பரவாயில்லையா?"

"என்னைய யாரு திட்டப் போறா? பிடுங்கு."

வடிவு பிடுங்கினாள். கணினி புதுசு போல எழும்பியது. வரைநிரல் ஒரே மூச்சில் திறந்தது. போன வருடம் பிரிசில்லா வரைந்த தட்டை அடிப் படகு திரையில் நின்றது. டீசல் குறைவாகக் குடிக்கும் படகு. கடற்கரை ஊர்கள் பலவற்றுக்கு அது போயிருந்தது. வந்த கடிதங்கள் எல்லாம் பாராட்டுதான்.

அவள் படகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதே மடிக்கணினியில் காணொளி அழைப்பு வந்தது. சங்குமுனை கஸ்பார். அந்தப் படகுகளில் சிலவற்றுக்கு அவர் சொந்தக்காரர். அடிக்கடி அழைப்பார், படகு சுறுசுறுப்பாகத் திரும்புகிறது என்பார், கடலோடு நன்றாக விளையாடுகிறது என்பார். பிரிசில்லா புன்னகையோடு எடுத்தாள்.

"ஏம்மா, நீ மனுசிதானா?" என்று கத்தினார் கஸ்பார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எத்தன தடவ சொல்லிட்டேன்! காத்து பக்கவாட்டுல அடிச்சா உன் படகு குப்புறச் சாயுதுன்னு! முன்னால, அணியத்துல ஐஸ் பெட்டிய வச்சா மூக்கு முங்கிருது! ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டே 'சந்தோசம்ணே'ங்கிற. இன்னிக்கு என் தம்பி இன்னாசி கடலுக்குப் போயிருக்கான். கச்சான் காத்து எழும்புது!"

பிரிசில்லாவுக்கு முதலில் அது கஸ்பாரின் குரலாகவே தோன்றவில்லை. பல வருடங்களாக யாரும் அவளிடம் கத்தியதில்லை. கை தானாகவே அழைப்பைத் துண்டிக்கப் போனது.

"துண்டிக்காதீங்க," என்றாள் வடிவு மெதுவாக. "இதுதான் அவரு நெசமாப் பேசுறது."

"உன் படகு கவுந்து நம்ம ரொசாரி செத்தப்பவும் நீ என்ன எழுதுன?" கஸ்பார் மூச்சு வாங்கினார். "'நல்லா ஓய்வு எடுக்கட்டும்'னு ஒத்த வரி. சரி, படிச்ச புள்ள துக்கத்தச் சுருக்கமாச் சொல்லுதுன்னு நெனச்சோம்."

அவளுக்கு நினைவு வந்தது. 'ரொசாரி கடலில் நீண்ட ஓய்வில் இருக்கிறார்' என்று இரண்டு மாதத்துக்கு முன் செய்தி வந்தது. விடுப்பில் இருக்கிறார் போல என்று நினைத்து, அவளும் அன்பாகப் பதில் போட்டாள். அந்தப் பதில் அங்கே இரங்கல் செய்தியாகப் பொருந்திப் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அண்ணே," என்றாள். "தப்பு என் வரைபடத்துலதான். அந்தப் படகு ஒண்ணுகூடக் கடலுக்குப் போகக்கூடாது. இன்னாசிய உடனே திரும்பச் சொல்லுங்க. ஐஸ் பெட்டிய எல்லாம் பின்னால தள்ளச் சொல்லுங்க. இல்லன்னா கவுந்துரும்!"

திரையில் கஸ்பாரின் முகம் இன்னும் சிவந்தது. "பாத்தியா! பெட்டிய நேரங்கிடைச்சா பின்னால வச்சா அழகா இருக்குமாம். நான் சாவப் பத்திச் சொல்லுதேன், நீ அழகப் பத்திச் சொல்லுத!"

அவரது கைபேசியில் இதமி இருந்தது.

பிரிசில்லா மறுபடி கத்திப் பார்த்தாள். எவ்வளவு கத்தினாளோ அவ்வளவுக்கு அது குழைந்து போயிருக்க வேண்டும். கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டார். அவரே இன்னாசியைக் கூப்பிட்டாலும் இதுதான் நடக்கும் என்று அவளுக்கு உறைத்தது. இன்னாசியிடமும் கடற்பேசி இருந்தது. அதிலும் இதமிதான். காலையிலிருந்து அண்ணன் கத்திய கத்தலெல்லாம் அங்கே என்னவாக விழுந்திருக்குமோ.

"சங்குமுனைக்கு வண்டியில போனா?" என்றாள்.

"போய்ச் சேர ஒரு மணி நேரம். போனாலும் கரையிலதான நிப்பீங்க," என்றாள் வடிவு. பிறகு திரையைக் காட்டினாள். "அக்கா, இதமி சொல்லையும் குரலையும் மூஞ்சியையும்தான் தொடும். கோட்டுப் படத்த விட்டுரும்."

பிரிசில்லா உட்கார்ந்தாள். வரைநிரல் இப்போது நிற்கவில்லை. தன் படகையே பக்கவாட்டில் வைத்தாள். முன்பகுதியில் பெட்டிகளைப் போட்டாள். காற்றுக்கு ஒரு அம்பு. அடுத்த படத்தில் அதே படகைக் கவிழ்த்தாள். பக்கத்தில் நீருக்கு மேலே கைகள். அதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. கடைசிப் படத்தில் பெட்டிகளைப் பின்னால் நகர்த்தி, படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, கரையை நோக்கி ஒரு அம்பு போட்டாள். ஒரு சொல்லும் எழுதவில்லை. இன்னாசிக்கும் கஸ்பாருக்கும் அனுப்பினாள்.

கஸ்பார் தன் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

கடலிலிருந்து பதில் வர நேரமெடுத்தது. வடிவு விசிறியை நிறுத்திவிட்டாள், சத்தம் கேட்பதற்காக. கடைசியில் இன்னாசியின் குரல் வந்தது. முதல் பாதி முழுக்க வசவு. பிரிசில்லாவின் பிறப்பைப் பற்றியும் படிப்பைப் பற்றியும். பிறகு, "பெட்டியத் தள்ளிட்டோம், திரும்பிட்டோம். இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் வாழ்க்கையில் கேட்ட மிக இனிமையான வசவு அது. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

இன்னாசியின் படகு சாயங்காலத்துக்கு முன்பே கரை சேர்ந்தது. பெட்டிகளை நகர்த்தும்போது அலை அடித்து ஒரு ஆளுக்குக் கை முறிந்திருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. கரையில் காத்து நின்ற பிரிசில்லாவிடம் கஸ்பார் வந்தார். நேருக்கு நேர் பேசுவது இருவருக்குமே பழக்கம் விட்டுப் போயிருந்தது. அவர் கத்த வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"நீ கேக்கவே இல்லன்னு நெனச்சேன்."

"எனக்கு வரவே இல்லண்ணே."

அவர் அவளை ரொசாரியின் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே அவள் சொன்னதும் அவர்கள் சொன்னதும் எந்தக் கருவி வழியாகவும் போகவில்லை. அவள் வெளியே வந்தபோது காலில் செருப்பில்லாததைக் கஸ்பார்தான் கவனித்து எடுத்து வந்தார்.

அடுத்த வாரங்களில் தட்டை அடிப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. ஊர் ஊராக அவளே போய், நின்று சொன்னாள். சில இடங்களில் கல் விழாத குறை. ஆனால் படகுகளை நிறுத்தினார்கள். கடலோரத்தில் ஒரு புதுப் பழக்கமும் வந்தது. முக்கியமானதைச் சொல்ல வேண்டுமென்றால் ஆட்கள் படம் போட்டு அனுப்பினார்கள். காற்றுக்கு அம்பு, பாறைக்குப் பெருக்கல் குறி, கோபத்துக்கு ஒரு முஷ்டி.

இதமியை நடத்தும் நிறுவனத்துக்குப் பிரிசில்லா நீளமாக எழுதினாள். ஒரு ஆள் செத்ததை எழுதினாள், ஒரு ஆளின் கை முறிந்ததை எழுதினாள். உங்கள் நிரல் எச்சரிக்கையைக் கொன்றுவிட்டது, கோட்டுப் படம் ஒன்றுதான் தப்பி வந்தது, அதனால்தான் இன்று சிலர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதினாள். இதை நிறுத்தும் வரை விடமாட்டேன் என்று முடித்தாள்.

பதில் வந்தபோது வடிவின் கடையில் இருந்தாள். சத்தமாகவே படித்தாள்.

'அன்புள்ள பிரிசில்லா, உங்கள் நெகிழ்ச்சியான கடிதத்தை அலுவலகமே கூடிப் படித்தது. மீனவ நண்பர்களின் வாழ்வில் இதமி ஏற்படுத்திய மாற்றத்தை அறிந்து மகிழ்ந்தோம். படங்கள் வழியாக உங்கள் ஊரில் அன்பு பரவுவதாக எழுதியிருந்தீர்கள். அருமையான யோசனை. அடுத்த புதுப்பிப்பில் படங்களும் இதமாகும்.'

வடிவு சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பிரிசில்லா புதுப் படகை வரைவதில் மூழ்கினாள். இந்த முறை தட்டை அடி இல்லை. அடியில் நடு நெடுகக் கத்தி போல இறங்கும் ஆழமான ஏரா. எந்தக் காற்றிலும் படகைச் சாயவிடாமல் நிமிர்த்திப் பிடிப்பது அதுதான். கஸ்பாரை நேரில் உட்காரவைத்து, அவர் திட்டத் திட்ட அழித்து வரைந்தாள். அவர் வாய் ஓய்ந்த நாளில், அடுத்த புதுப்பிப்பு வருவதற்குள் என்று, வரைபடத்தை ஒரு கடிதத்தோடு கட்டுமானத் தளத்துக்கு அனுப்பினாள். இரண்டு மாதம் மற்ற ஊர்களில் கரையேறிய படகுகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்த அன்று தளத்தின் மேஸ்திரி துரைப்பாண்டி அழைத்தார். அவளது மடிக்கணினியில் அவர் குரல் அசலாகவே வந்தது. உண்மையான மகிழ்ச்சி அதில் தெரிந்தது.

"தாயி, மொதப் படகு அச்சிலேருந்து எறங்கிருச்சு. ஆளுக்கு ஆளு பாராட்டுதாவ. நேத்துதான் பாத்தேன், நம்ம தளத்து மெஷின் எல்லாத்துலயும் புது அப்டேட் ஏறியிருக்கு. அதுலருந்து உங்க படம் அவ்வளவு லட்சணமா வருது. அடியில துருத்திக்கிட்டு எதுவுமே இல்ல. வழுவழுன்னு, குழந்தை கன்னம் மாதிரி இருக்கு."

"எங்க இருக்கு அந்தப் படகு?" என்றாள் பிரிசில்லா, வண்டிச் சாவியை எடுத்தபடி.

"காலையிலயே தண்ணில எறக்கிட்டோமே. நீங்கதான கடிதம் போட்டிருந்தீங்க, நான் வந்து பாக்காம எறக்குனா ரொம்ப சந்தோசப்படுவேன்னு."