வெல்மாரின் சான்றாள்

ஊருக்குப் போக வேண்டும் என்று பெனிட்டாவுக்குத் தோன்றி இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. வெல்மார் அரசின் கணக்குப்படி, அந்தத் தீவின் நாற்பது லட்சம் பேருக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. அதனால் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள்.

விடுதிச் சமையலறையில் செய்தியைப் படித்த துவாரகா கரண்டியைக் கீழே வைத்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், பெனிட்டாவின் பொருளியல் வகுப்பு, அடுத்த அறை.

“இஞ்ச பாரடி. அனுமதி இல்லாமல் ஒருத்தரும் வெளிய போகேலாதாம். அனுமதி கிடைக்க மூண்டு கிழமையாம், இருபத்தொரு நாள். இந்தச் சனத்துக்கு என்ன விசர்? போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்ததுகள்?”

பெனிட்டா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

“உன்ர அம்மாவுக்கு எப்ப ஒப்பரேசன்?”

“வர்ற வியாழக்கிழமை. வால்வு மாத்தணும். வராதட்டி, பரீட்சைய முடிச்சிட்டு வான்னு சொல்லுதா. என்னைய விட்டா அவளுக்கு யாரு இருக்கா?”

வெல்மாரில் குடியிருக்கும் எல்லோரும், நாடியையும் விருப்பங்களையும் பதிவுசெய்யும் நாடிவளையை மணிக்கட்டில் அணிய வேண்டும். முன்பு அந்தத் தகவல்களைக் கூட்டிக் கழித்து மக்களின் மனத்தை அறிய மாதக்கணக்காகும். பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: நாற்பது லட்சம் பேரில் யாரோ ஒருவரின் மன ஏற்ற இறக்கம் நாட்டின் சராசரியோடு அச்சு அசலாகப் பொருந்தியிருக்கும். அவரை மட்டும் கவனித்தால் போதும். அவருக்குச் சான்றாள் என்று பெயர். யார் என்பது கணக்கிடும் அரசு எந்திரத்துக்கு மட்டுமே தெரியும். தான்தான் என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் உடனே அறிவிக்க வேண்டும். பழைய கணிப்புகளை ரத்து செய்துவிட்டு எந்திரம் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும். மறைத்தவர் மாணவராக இருந்தால் பட்டம் கிடையாது.

சான்றாள் தான்தான் என்று பெனிட்டாவுக்குத் தெரிந்தது ஒரு வாளியால். மூன்று வருடம் ஷவரில் குளித்துச் சலித்துப்போய், பிப்ரவரியில் ஊரெல்லாம் தேடி ஒரு வாளியும் கப்பும் வாங்கினாள். அடுத்த வாரமே ‘மக்களிடையே வாளி நாட்டம்’ என்று அரசு அறிக்கை வந்தது. கடைகளில் வாளிகளைக் கோபுரமாக அடுக்கினார்கள். அடுக்கியதைப் பார்த்து வெல்மார்க்காரர்களும் வாங்கிப் போய், எதற்கென்று தெரியாமல் அதில் குடை வைத்தார்கள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, நாடு அடுத்து எதை விரும்பும் என்ற வகுப்புத் தேர்வுகளில் தன் மனத்தையே பார்த்து விடை எழுதினாள். அவள் கணிப்பு மட்டும் ஒருமுறைகூடப் பிசகவில்லை. அதற்குமேல் அரசிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே, தன் மனம் அடங்கினால் விமான நிலையம் திறக்கும் என்று, ஊர் ஆசை இல்லாதவளாக இருந்து பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை திரைச்சீலை வாங்கினாள். தவணையில் ஒரு சோபா.

“என்னடி, பொம்பிளை பார்க்க ஆரும் வருகினமோ?” என்றாள் துவாரகா.

பெனிட்டா சிரித்தாள். நாடிவளை அந்தச் சிரிப்பை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வந்தது: ‘மக்கள் நிம்மதியாக இருப்பதுபோல் நடிக்கிறார்கள்.’ துறைமுகத்தையும் மூடினார்கள்.

அதன்பிறகுதான் வினை. எல்லோரும் போகத் துடிக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டவர்களுக்கு உண்மையாகவே போக வேண்டும்போல் இருந்தது. அனுமதி அலுவலக வரிசை ஆற்றுப்பாலத்தைத் தாண்டியது.

செவ்வாய்க்கிழமை வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் ஓல்வினின் அறை வாசலில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. இருவர் காதிலும் காதுபெயர்ப்பி. அவரவர் தத்தம் மொழியில் பேசினார்கள்.

“எங்க சார் போறீங்க?”

“தெரியவில்லை. முந்நூறு வருடமாக எங்கள் குடும்பம் இங்கேதான். ஆனால் இரண்டு நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.” பேனாவைத் திறந்து மூடினார். “ஒரே கேள்விதான் அம்மா. கூலி குறையவில்லை, விலை ஏறவில்லை. பிறகு ஏன் மக்கள் வெளியேற விரும்புகிறார்கள்? உனக்கு முன்னால் வந்த எட்டுப் பேர் எட்டுக் கோட்பாடு சொல்லிவிட்டார்கள். நீதான் எப்போதும் சரியாகச் சொல்பவள்.”

ஒன்பதாவது கோட்பாடு அவளிடம் தயாராக இருந்தது. எதிர்பார்ப்புகள் பற்றியது. இரண்டு நிமிடம் பேசினால் பட்டம் கைக்கு வந்துவிடும். அம்மாவை நாளைக் காலையில் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

“அம்மாவுக்கு நாளைக் கழிச்சு ஆபரேஷன் சார். நான் பக்கத்துல இருக்கணும்.”

“வருத்தமாக இருக்கிறது. ஆனால் அது உன் காரணம். நான் கேட்டது நாட்டின் காரணத்தை.”

“ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

அவர் பேனா நின்றது.

“சான்றாள் நான்தான்.”