அலமாரி விளிம்பில் நாலாம் தொகுதி

பனிப்புயல் அடித்த மறுநாள் காலை நூலகத்துக்குள் நுழைந்த ரெனே பெலாஞ்சர் பூட்ஸில் அப்பியிருந்த பனியைக்கூடத் தட்டவில்லை. நேராக ரெஃபரன்ஸ் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஆர்வோ, நான் புத்தகத்தை வெட்டித் திருடிட்டேன்னு சொல்றாங்க."

ஆர்வோ நியேமி காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் அவருக்குச் சம்பளம். காணாமல் போனதைக் கண்டுபிடிக்கும் வேலையும் அவர் தலையில் வந்து விழும். அதற்குச் சம்பளம் கிடையாது.

"உக்காரு. எந்தப் புத்தகம்?"

"நீங்க சொன்னதுதான். ஏரிக்கரை மாந்தர் களஞ்சியம். நாலாம் தொகுதியில ஒரு தாளை யாரோ பிளேடால வெட்டியிருக்காங்க. உள்ளே நான் வெச்ச மஞ்சள் காகிதம் இருந்துச்சாம். நாளைக்கு டீன் முன்னால விசாரணை. தப்பு என்னோடதுன்னு முடிவானா வெளியே அனுப்பிடுவாங்க. நாலு வருஷ ஆராய்ச்சி போச்சு."

ஆர்வோவுக்குச் சுருக்கென்றது. நூலகத்தின் இணையப் பக்கத்தில், ஆராய்ச்சி மாணவர்களுக்காக அவர் ஒரு பரிந்துரைப் பக்கம் வைத்திருந்தார். முதல் இரண்டைச் சொடுக்கிவிட்டு ஓடுகிற கூட்டம்தான் அதிகம். கடைசியில் இருந்த அந்தக் களஞ்சியத்தை நம்பித் தேடி வந்தவள் ரெனே ஒருத்திதான். ஆறு தொகுதி, கூடவே ஒரு அடைவுத் தொகுதி. தூசிக்குப் பயந்தே யாரும் தொடமாட்டார்கள். நம்பி வந்தவள் தலையிலா இந்த இடி விழ வேண்டும் என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

"நீ படிச்சியா?"

"எங்க படிச்சேன்! மூணு தொகுதி முடிச்சிட்டு நேத்து மத்தியானம் நாலை எடுத்தேன். காகிதத்தை வெச்சேன். புயல் வருது, சீக்கிரம் மூடறோம்னு மார்லிஸ் விரட்டினாங்க. வழக்கம்போலத் தள்ளுவண்டியில வெச்சிட்டுப் போயிட்டேன்."

"விரட்டலை, அன்பா அனுப்பினேன்" என்றபடி வந்தாள் மார்லிஸ். புத்தகம் கொடுத்து வாங்கும் பிரிவில் இருப்பவள். ஐம்பது வயதிலும் கண்ணில் எப்போதும் ஒரு சந்தேகம் மின்னும். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால்கூட அதற்கு ஒரு சதி கண்டுபிடிப்பாள். "ஆர்வோ, இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும். நம்ம நிர்வாகி நீல் ப்ரூயிட்! இந்த அறையில இருக்கற புத்தகத்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு கம்ப்யூட்டர் போடணும்னு அந்த ஆள் குதிக்கிறான். வெட்டுப்பட்ட தொகுதின்னா மொத்தத்தையும் கழிச்சிடலாம் பாருங்க. தாள் போனதைக் கண்டுபிடிச்சதும் அவன்தானே?"

"இருக்கலாம்" என்றார் ஆர்வோ. அவர் அதிகம் பேசமாட்டார். "ரெனே, நாலாம் தொகுதியை எடுக்கப்போறேன்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"புரொபசர் ஸ்ட்ராண்ட் கிட்ட மட்டும்தான். அவர் என்னோட கைடு ஆச்சே. பாவம், எனக்காக டீன்கிட்டப் பேசறேன்னு சொல்லியிருக்கார்."

சொல்லி வைத்தாற்போல் அவரே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். லோவெல் ஸ்ட்ராண்ட் அந்த ஊரின் பெருமை. புயலில் விளக்கைப் பிடித்து நின்று, கப்பலைக் காப்பாற்றிவிட்டுத் தானும் ஏரியில் மூழ்கிய ஜோசெட் நதோ என்ற பெண்ணின் கதையை உலகுக்குச் சொன்னவர். அந்தப் புத்தகத்தால்தான் துறைமுகப் பூங்காவில் அவளுக்குச் சிலையே வந்தது. ஜோசெட்டின் சொந்தக்காரர்கள் வழியில் வந்தவள் ரெனே. அந்தச் சிலையைப் பார்த்துத்தான் வரலாறு படிக்க வந்தாள்.

"ரெனே, இங்கதான் இருக்கியா" என்றார் ஸ்ட்ராண்ட், கனிவாக. "நான் சொல்றதைக் கேளு. அவசரத்துல ஏதோ செஞ்சிட்டேன்னு ஒத்துக்கோ. நான் பேசி, தண்டனையைக் குறைச்சிடறேன். ஒத்துக்கலைன்னா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"செய்யாததை எப்படி ஒத்துக்குவேன், புரொபசர்?"

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்." பேசிக்கொண்டே, ஆர்வோவின் மேசையில் முன்னும் பின்னுமாக நின்ற நாலைந்து அகராதிகளை அவர் விரல்கள் ஒரே சீராக இழுத்து நிறுத்தின. பதற்றத்தில் இருப்பவர் கை சும்மா இருக்காதுதானே.

"புரொபசர், நீங்க ரெஃபரன்ஸ் அறைப் பக்கம் சமீபத்துல வந்தீங்களா?" என்று கேட்டார் ஆர்வோ.

"நானா? பத்து வருஷமாச்சு. இப்பதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுதே. அந்தக் களஞ்சியம் எந்த மூலையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது." ரெனேயின் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்து அவர்கள் போனது ப்ரூயிட்டின் அறைக்கு. கணக்குத் துறையிலிருந்து நூலகத்துக்கு நிர்வாகியாக வந்தவன். அவன் அறையில் இருந்த கொஞ்சம் புத்தகமும் பிணம்போல் மல்லாந்து கிடந்தது. மார்லிஸ் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று ப்ரூயிட் எகிறினான். "இன்னிக்குக் காலையில அலமாரியை அளக்கப் போனேன். அளக்கறதுக்கு முன்னால போட்டோ எடுத்தேன். அப்புறம் கைக்கு வந்த ஒண்ணை எடுத்துப் புரட்டினேன், தாள் போயிருந்துச்சு. அவ்வளவுதான். பாத்துக்கோங்க."

போனில் படம் தெளிவாக இருந்தது. களஞ்சியத்தின் ஏழு தொகுதிகளும் தட்டின் விளிம்போடு விளிம்பாக, வரிசை பிசகாமல் நின்றன. அடுத்த தட்டில் மாணவர்கள் சொருகிய புத்தகங்கள் சில சுவர்வரை உள்ளே போய்ப் பதுங்கியிருந்தன.

ஆர்வோ அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். "மார்லிஸ், நேத்து தள்ளுவண்டியைக் காலி பண்ணி, புத்தகத்தையெல்லாம் அடுக்கினது யாரு?"

"யார் அடுக்குவா? அடுக்கற பசங்க புயலுக்குப் பயந்து வரவே இல்லை. நானும் தொடலை, நீங்களும் தொடலை. வண்டி இன்னும் அப்படியே நிறைஞ்சு கிடக்கு."

"ஆனா இந்த ஒண்ணு மட்டும் வண்டியிலேருந்து இறங்கி, தானே நடந்து தன் இடத்துக்குப் போயிருக்கு."

"அதான் சொல்றேனே, இவன்தான்!" மார்லிஸ் விரலை நீட்டினாள். ப்ரூயிட் முகம் சிவந்தது. ஆர்வோ அவளைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டார்.

"முதல்ல போன தாள்ல என்ன இருந்துச்சுன்னு தெரியணும்" என்றார். "தாளைத்தானே வெட்டினாங்க? அடைவுத் தொகுதியை மறந்துட்டாங்க. அதுல ஒவ்வொரு பேருக்கும் எந்தத் தொகுதி, எந்தப் பக்கம்னு போட்டிருக்கும். வெட்டுப்பட்ட பக்க எண்ணுக்கு யார் யார் வர்றாங்கன்னு பாருங்க."

"மொத்த அடைவையுமா? கண்ணு அவிஞ்சிடும், ஆர்வோ!"

"துப்பறியணும்னு ஆசைப்பட்டது யாரு?"

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தவள், ஏலக்காய் ரொட்டியும் காபியும் தீர்ந்து வயிறு கடமுட என்னும்வரை எழுந்திருக்கவில்லை. ஆர்வோ அதற்குள் இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்தார். சாயங்காலம் மார்லிஸ் ஓடி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆர்வோ, இதப் பாருங்க. நியூலண்ட்னு ஒரு விடுதிக்காரர். அவரைப் பத்தின பக்கம்தான் போயிருக்கு. அதே பக்கத்துக்கு இன்னொரு பேரும் வருது. யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

ஆர்வோ சொன்னார். மார்லிஸுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் விசாரணையை ரெஃபரன்ஸ் அறையிலேயே வைத்துக்கொள்ளும்படி ஆர்வோ டீனைக் கேட்டிருந்தார். டீன், ப்ரூயிட், ஸ்ட்ராண்ட், ரெனே எல்லாரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மார்லிஸ் கதவோரம் நின்றாள். ரெனேயின் கண்கள் வீங்கியிருந்தன. ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கவில்லை.

"தொடங்கறதுக்கு முன்னால ஒரு உதவி" என்றார் ஆர்வோ. மேசையில் களஞ்சியத்தின் சில தொகுதிகள் கிடந்தன. "பேசறதுக்கு இடைஞ்சலா இருக்கு. ஆளுக்கு ஒண்ணா எடுத்து வெச்சிடறீங்களா?"

ரெனே தன் கையிலிருந்ததைப் பழக்கப்படி தள்ளுவண்டியில் வைத்தாள். ப்ரூயிட் அலமாரியில் கண்ட இடத்தில் செருகி, கையால் ஒரு தள்ளுத் தள்ளினான்; புத்தகம் சுவரில் போய் முட்டியது. ஸ்ட்ராண்ட் எழுந்தார். நாலாம் தொகுதியை, கேட்காமலேயே, மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் வைத்தார். பிறகு இரண்டு விரலைப் புத்தக முதுகின் இருபுறமும் கொடுத்து மெல்ல முன்னால் இழுத்து, விளிம்போடு விளிம்பாக நிறுத்தினார்.

மார்லிஸ் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புரொபசர்" என்றார் ஆர்வோ, குரலை உயர்த்தாமல். "படிக்க வர்றவங்க புத்தகத்தை உள்ளே தள்ளுவாங்க. விளிம்புக்கு இழுத்து நிறுத்தறது நூலகத்துல அடுக்கற வேலை பார்த்தவங்க மட்டும்தான். முதல் நாளே எங்களுக்கு அதைத்தான் சொல்லித்தருவாங்க. கை பழகிட்டா ஆயுசுக்கும் போகாது. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

ஸ்ட்ராண்ட் தன் கையைப் பார்த்தார். அது யாருடைய கையோ போல. "படிக்கும்போது... மேடிசன் யுனிவர்சிட்டி நூலகத்துல. ஃபீஸ் கட்டறதுக்காக. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"புயலன்னிக்கு இங்க யாரும் அடுக்கலை. வண்டியிலேருந்து நாலாம் தொகுதியை மட்டும் எடுத்து, வெட்டி, தன் இடத்துல வெச்சவர் கை அடுக்கிப் பழகின கை. ப்ரூயிட் எடுத்த படத்துல அது விளிம்புலதான் நின்னுச்சு. ப்ரூயிட்டுக்கு அது தெரியாது, இப்ப எல்லாரும் பார்த்தீங்க. ரெனே அலமாரியில வைக்கவே மாட்டா. இந்தக் களஞ்சியம் எந்த மூலையில இருக்குன்னுகூடத் தெரியாதுன்னீங்க. இப்ப யாரையும் கேக்காம நேரா போனீங்க."

"கை பழக்கத்தை வெச்சு ஒருத்தரைக் குற்றவாளி ஆக்குவீங்களா?" ஸ்ட்ராண்ட் டீனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "அந்தப் பழைய பக்கத்தை வெட்டி எனக்கு என்ன ஆகணும்?"

"அதை மிச்சிகன் நூலகத்துல கேட்டேன். அவங்ககிட்டயும் இந்தக் களஞ்சியம் இருக்கு." ஆர்வோ ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இன்னிக்குக் காலையில அந்தப் பக்கத்தோட நகலை அனுப்பிட்டாங்க. நியூலண்டோட மனைவி பேரு ஜோசெட் நதோ. புயல்ல கப்பலைக் காப்பாத்தினது நிஜம். மூழ்கினது பொய். கரைக்கு வந்தா, கல்யாணம் பண்ணிக்கிட்டா, விடுதி நடத்தினா, கிழவியாகித்தான் செத்தா. கணவன் பேருக்குக் கீழே இருந்ததால யார் கண்ணுலயும் படலை."

ஸ்ட்ராண்ட் மெல்ல உட்கார்ந்தார்.

"புத்தகம் அச்சாகி வந்தப்புறம்தான் பார்த்தேன்" என்றார் கடைசியில். "சிலைக்கு அஸ்திவாரம் போட்டாச்சு. என்ன செய்யச் சொல்றீங்க? இதை யார் எடுக்கப்போறான்னு இருந்துட்டேன். யாரும் எடுக்கலை. அப்புறம் இவ வந்து, முதல் தொகுதியிலேருந்து வரிசையாப் படிக்கிறேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. புயலன்னிக்கு மூடற அவசரத்துல இவ வண்டியில வெச்சிட்டுப் போனதும்..."

"அதுக்கு என்னைத் திருடியாக்கி, என் வாயாலயே ஒத்துக்க வெக்கப் பாத்தீங்களா?" ரெனே அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க பேசிக் காப்பாத்துவீங்கன்னு நேத்து ராத்திரி எங்கம்மாகிட்டச் சொன்னேன், புரொபசர்."

டீன் எழுந்து, ரெனேமேல் எந்தக் குற்றமும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஸ்ட்ராண்டைத் தன் அறைக்கு வரும்படி கூப்பிட்டார்.

ரெனே அந்த நகலை இரண்டு கையாலும் எடுத்துப் படித்தாள். படித்ததையே மறுபடியும் படித்தாள். "பிழைச்சிருக்கா, மார்லிஸ்" என்றாள் அழுதுகொண்டே. "மீன் வறுத்துப் போட்டு விடுதி நடத்தியிருக்கா."

மார்லிஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஆத்திரம் தாளாமல் அலமாரிக்குப் போய், ஸ்ட்ராண்ட் வைத்த நாலாம் தொகுதியை உள்ளே தள்ளக் கை ஓங்கினாள்.

"விடுங்க, மார்லிஸ்" என்றார் ஆர்வோ. "அந்த ஆள் செஞ்சதுல அது ஒண்ணுதான் சரியா இருக்கு."