நாலாம் சுரங்கத்து வேதமுத்து

காலை ஆறு மணிக்கு, எல்லோருடைய இரத்தத்தையும் போலத் திருமேனியின் இரத்தமும் செய்தி வாசித்தது. நிலாவில் சூரியன் உதிக்க இன்னும் ஒன்பது நாள் பாக்கி. ஆனாலும் கடிகாரம் ஆறு என்றால் ஆறுதான்.

வாசித்தது குருதிக்காவலன். கழுத்தெலும்புக்குக் கீழே புதைத்த மிளகளவு கருவி. இரத்தத்தில் ஓடும் நாலாயிரம் புரதங்களின் பெயரும் குணமும் அதற்கு மனப்பாடம். சர்க்கரை, உப்பு என்று வழக்கம்போல ஒப்பித்துக்கொண்டே வந்தது, சட்டென்று குரலைத் தாழ்த்தியது.

“ஐயா, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. சிறுநீரகம் அடிபடத் தொடங்கும்போதே ஏறுகிற புரதம் ஒன்று உண்டு. நேற்றைவிட இன்று ஆறு மடங்கு. உடனே மருத்துவக் கூடத்துக்குக் கிளம்புங்கள்.”

“போன வாரமும் உப்பு ஏறிப்போச்சுன்னு இப்படித்தான் கத்தின” என்றார் திருமேனி.

அவர் ஓய்வுபெற்ற பிராணவாயுப் பொறியாளர். அபாயமணி அடித்தால் முதலில் மணியை அணைத்துவிட்டு அப்புறம் காரணம் தேடியே முப்பது வருடம் ஓட்டியவர். மூன்று நாளைக்கு முன் கத்தரிச் செடியின் முள் விரலில் குத்தி, விரல் இப்போது வாழைப்பூவாய் வீங்கியிருந்தது. அதற்கென்ன, இன்று பத்து மணிக்குக் கத்தரிக்காய்க் கண்காட்சி. நிலாவின் அரைகுறை ஈர்ப்பில் விளைந்த அவர் காய், சொன்னால் நம்பமாட்டீர்கள், கைக்குழந்தை அளவு. மனைவி பங்கயம் அதற்குக் குல்லாய்கூடப் பின்னியிருந்தாள்.

பங்கயம் அவர் நெற்றியைத் தொட்டாள். “என்னங்க, கொதிக்குது. போயிட்டு வந்துடுங்க. காயை நான் தூக்கிட்டுப் போறேன்.”

“நீ தூக்கினா காம்பு ஒடிஞ்சிடும்.”

காவலன் விடவில்லை. “சிறுநீரகம் பழுதானதைக் காட்டும் கிரியாட்டினின் ஏற இன்னும் ஒரு நாள் ஆகும். அதற்குள் சிகிச்சை தொடங்கினால் சிறுநீரகம் தப்பும். என் கணிப்பு தொண்ணூற்றேழு சதவீதம் சரி.”

“மிச்ச மூணுல நான் இருக்கேன்.”

காவலன் சுவர் முழுக்க வரைபடம் காட்டியது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காய்க்குக் குல்லாய் மாட்டினார்.

காவலன் ஒரு நிமிடம் யோசித்தது. அதன் வேகத்துக்கு அது ஒரு யுகம். பிறகு, வாழ்நாளிலேயே முதன்முறையாகப் பேச்சுத் தமிழில் ஆரம்பித்தது. “நாலாம் சுரங்கத்துல வேதமுத்துன்னு ஒருத்தர். அவருக்கும் இப்படித்தான், கத்தரி முள்ளு.”

திருமேனி திரும்பினார். “அப்புறம்?”

“வெறும் காய்ச்சல்தானேன்னு விட்டுட்டார். மறுநாள் சொட்டு சிறுநீர் வரலையாம். முகம் பூசணிக்காயாட்டம்.”

“அடப்பாவமே. யார் சொன்னா?”

“அவரோட பக்கத்து வீட்டுக்காரர்.”

குல்லாய் நழுவி, நிலாவில் விழுவதுபோல நிதானமாக விழுந்தது. “பங்கயம், என் செருப்பு எங்க? இதை முதல்லயே சொல்றதுக்கு இந்த மெஷினுக்கு என்ன?”

ஐந்து நாள் மருந்தும் திரவமும் ஏறின. அந்தப் புரதம் மெல்ல இறங்கியது. சிறுநீரகங்கள் இரண்டும் பிழைத்தன. பங்கயம் காம்பு ஒடியாமல் தூக்கிப்போன காய், இரண்டாம் பரிசோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்தது.

வீடு திரும்பும் நாளில் திருமேனி காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “இதை வேதமுத்துகிட்ட குடுத்து, ஒரு வார்த்தை நலம் விசாரிச்சுட்டு வரணும். அந்த மனுஷனாலதான் நான் இருக்கேன்.”

காவலனுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. “மன்னிக்க வேண்டும் ஐயா. அப்படி ஒருவர் இல்லை. நான்தான் கட்டிவிட்டேன்.”

திருமேனி பங்கயத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா, இதுக்குத்தான் மெஷின் பேச்சை நம்பக்கூடாதுங்கறது. பக்கத்துக் கட்டில்காரர் நேத்துதான் சொன்னார், அவரும் வேதமுத்துவும் ஒரே வகுப்பாம்.”