கங்காதரனின் கடைசித் திருத்தம்

பூந்தமல்லியில் கங்காதரன் வீட்டு வாசலில் ஜட்கா வண்டி நின்றபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். 1936, ஐப்பசி. மழைக்கு முந்தைய இருட்டு தெருவை மூடியிருந்தது.

சண்டை போடத்தான் போயிருந்தேன். பத்திரிகாசிரியர் கங்காதரன் என் நாவலை ஐந்து முறை திருத்தி எழுத வைத்தவர். இடப்பக்கம் மூன்று விரற்கடை விட்டு எழுதி அனுப்புவேன். அந்த ஓரம் முழுக்கச் சிவப்பு மையில் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார். "இவள் ஏன் அழவில்லை?" "இந்த அப்பன் இவ்வளவு பேச மாட்டான், வெட்டு." அவர் சொன்ன அத்தனையும் சரியாக இருந்தது. அதனால்தான் நம்பித் தொலைத்தேன். பழைய பிரதிகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடைசிப் பிரதியை, நகல்கூட எடுக்காமல், அவர் கையிலேயே கொடுத்தேன். புத்தகம் வெளிவந்தது. அட்டையில் அவர் பெயர்!

என் கையெழுத்துப் பிரதி கிடைத்தால்தான் அது என் நாவல் என்று நிரூபிக்க முடியும்.

கதவைத் திறந்தவள் அவர் மனைவி தாட்சாயிணி. நெற்றி வெறுமையாக இருந்தது.

"அவரு பூட்டாரும்மா. பதினாறு நாளாச்சு. நீதான் நாகவல்லியா?"

தலையசைத்தேன்.

அப்போது உள்ளறையில் சத்தம் கேட்டது. காகிதத்தில் பேனா நிப்பு உரசும் சத்தம்.

"யாரு எழுதுறது?"

"யாருமில்ல," என்று கிசுகிசுத்தாள். "தெனம் இப்டித்தான் கேக்குது. வந்து பாரு."

அறையில் மை வாடை குப்பென்று அடித்தது. ஆளில்லாத மேஜையில் அச்சான என் நாவலின் பிரதிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்தேன். அவர் பெயரை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் 'நாகவல்லி' என்று எழுதியிருந்தது. அடுத்த புத்தகத்திலும் அப்படியே.

தொட்டேன்.

ஈரம்.

பயத்தைவிட ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. "பாவி மனுஷா! உசுரோட இருந்தப்ப இதை எழுதக் கை வரலையா?"

நிப்பு நின்றது.

தாட்சாயிணி அலமாரியைத் திறந்து என் கையெழுத்துப் பிரதியை எடுத்தாள். கொடுக்கப் போகிறாள் என்று கை நீட்டினேன். என்னைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனவள், எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் அதைத் திணித்துவிட்டாள்.

"ஐயோ! என்ன காரியம் பண்றீங்க!"

ஓடிப்போய் இழுத்தேன். கையில் கரிதான் வந்தது.

"மன்னிச்சுக்கோம்மா. அவரு பேரு ஒண்ணுதான் எங்களுக்கு மிச்சம் கீது. எம்பொண்ணுக்குச் சம்பந்தம் வர்றதே அந்தப் பேராலதான். மேஜையில கீறதையும் கொளுத்திடுவேன். கடையில விக்கிறதுல அவரு பேரு அப்டியே கீதே, அது போதும்."

நாலு வருஷ உழைப்பு. அப்படியே உட்கார்ந்து அழுதேன். செத்தவன் ஏமாற்றியது போதாதென்று இவளுமா?

மறுபடியும் நிப்பு உரசியது.

உள்ளறையில் இல்லை.

எங்கள் பக்கத்தில்.

"ஸ்ஸ்" என்று தாட்சாயிணி வலது கையை உதறினாள். உள்ளங்கையில் சிவப்பாக, அவருடைய குண்டு எழுத்தில், என் பெயர். தவலைத் தண்ணீரில் முக்கித் தேய்த்தாள். போகவில்லை.

"வோணாங்க... நம்ம பொண்ண நெனச்சுப் பாருங்க..." என்று அடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கெஞ்சினாள். அங்கே யாருமில்லை.

இடது கையால் அதைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கையின் மேலும் எழுத்து ஒவ்வொன்றாக ஊறத் தொடங்கியது.