அறுபது நாள் தண்ணீர்

செக்போஸ்ட்டைத் தாண்டியதும் தளவாய் ஜீப்பை நிறுத்தி நான்கு சக்கரங்களிலும் காற்றைக் குறைத்தான். பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் குறைப்பார்கள். இல்லாவிட்டால் கூழாங்கல்லில் டயர் வழுக்கும். சோப்பு, வாளி, குடம் இருக்கிறதா என்று காவலர் வண்டிக்குள் தேடினார். பிறகு என்னிடம், "சுற்றுலாவா, உறவா?" என்றார். உறவு என்றேன். அவர் கையில் எடுத்திருந்த பச்சைச் சீட்டை உள்ளே வைத்துவிட்டு வெள்ளைச் சீட்டு தந்தார்.

அதன் பிறகு மூன்று மணி நேரம் ஃபோர்வீல் கியரில் ஜீப் பாறைகள்மேல் ஊர்ந்தது. தளவாய் என் கணவர் கொம்பையாவின் தம்பி. கொம்பையாவை எரித்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நான் எப்போது அழுவேன் என்று ஊர் காத்திருந்தது. எனக்கு வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட ஈறு எப்படி இருக்குமோ, உடம்பு முழுவதும் அப்படி இருந்தது.

ஆற்றின் வளைவில் முகாம். ஏழு கூடாரங்கள், அதில் ஒன்று எங்களுக்கு. பக்கத்துக் கூடாரத்தில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இருந்தது. அந்தப் பெண் கரையில் நட்டிருந்த நீர்வாயின் பக்கம் குனிந்து, "ஏ ஆறே, இவரு என்னைய கடைசி வரைக்கும் நல்லா வச்சுக்குவாரா?" என்று கேட்டாள்.

"தெரியாது," என்றது ஆறு. "இங்கே என் ஆழம் நான்கு அடி. நடுவில் பதினொன்று."

"பாத்தியா, நடுவுல தள்ளிவிட ஐடியா குடுக்குது," என்றான் கணவன். இருவரும் சிரித்தார்கள்.

நீர்வாய் இடுப்பளவுக் கம்பம். தலையில் காமிரா, தண்ணீருக்குள் சென்சார், நடுவில் ஒலிபெருக்கி. ஆறுகளைச் சட்டம் ஆட்களாக ஏற்றுக்கொண்ட வருடம் நட்டவை. ஆற்றின் உடம்பு ஆற்றுக்கே சொந்தம். அன்றிலிருந்து யாரும் ஒரு குடம்கூட எடுக்க முடியாது. எங்கள் ஊர் பொட்டல்குளத்துக்கு வாரம் ஒரு தண்ணீர் லாரி வருகிறது. கேட்டதற்கு உண்மை சொல்வது ஆற்றின் கடமை. ஆள் என்றால் குற்றமும் உண்டு. ஆறு ஓர் உயிரை எடுத்தால், இறந்தவரின் ஊருக்கு அறுபது நாள் தண்ணீர் விட வேண்டும். உயிரீடு என்று பெயர்.

தானாக இறங்கியவருக்கு உயிரீடு கிடையாது. காலடியை ஆறு அளக்கும், மனசை அளக்காது. அதனால் வழுக்கியதா இறங்கியதா என்பதை நெருங்கிய உறவு, அந்த இடத்துக்கே வந்து, ஆறு பார்த்ததைக் கேட்டபின் சொல்ல வேண்டும். உறவு சொன்னதே முடிவு.

தளவாய் டீ கொண்டுவந்தான்.

"குடிங்க மதினி. வழுக்கிட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும். ஊர்ல கால்வாயத் தூர் வாரியாச்சு."

"எப்ப வாருனாக?"

"போன வாரத்துக்கு முந்துன வாரம்."

"அவர எரிச்ச மறுநாளா?"

அவன் டம்ளரைப் பார்த்தான். "தண்ணி வரும்போது மண்ணு அடைக்கக் கூடாதுல்லா."

டீயைக் குடித்தேன். சூடு தெரியவில்லை. எழுந்து கம்பத்தருகே போய், "நான் கனியம்மா. கொம்பையா பொண்டாட்டி," என்றேன்.

"பார்த்ததைச் சொல்கிறேன்," என்றது ஆறு. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. "கொம்பையா சுற்றுலா ஜீப்பில் வந்தார். காலை ஆறே முக்காலுக்குத் தனியாகக் கரைக்கு வந்தார். சட்டையைக் கழற்றி மடித்துப் பாறைமேல் வைத்தார். என்னிடம் பேசினார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தண்ணீருக்குள் வந்தார்."

கட்டட வேலைக்குப் போவதாகத்தான் என்னிடம் சொன்னார். வீட்டில் அவர் சட்டையை மடித்ததே இல்லை. கழற்றிய இடத்தில் கிடக்கும். நான் திட்டிக்கொண்டே எடுப்பேன்.

"என்ன பேசுனாரு?"

"'ஒரு ஆளுக்கு எத்தனை நாள் தண்ணி?' என்று கேட்டார். அறுபது என்றேன். 'கொறைக்க மாட்டியே?' என்றார். மாட்டேன் என்றேன்."

"ஏன் கேக்காருன்னு நீ கேக்கலையா?"



"கேட்பது என் கடமைகளில் இல்லை," என்றது.

அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்மேலும் வரவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். வழுக்கிட்டு. அதைச் சொன்னால் அறுபது நாள் கால்வாயில் தண்ணீர் ஓடும். அவர் கேட்டது அதைத்தான். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் தளவாய் கம்பத்தின் பக்கம் சாய்ந்தான்.

"அடுத்த வருசமும் அறுபதுதானா? அதே ஊர்ல ரெண்டாவது ஆளுன்னா கொறைச்சிருவாகளா?"

"ஒவ்வோர் ஆளுக்கும் அறுபது," என்றது ஆறு.

"சும்மா கேட்டேன் மதினி," என்றான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பதினொரு அடி ஆழமான அந்த நடுப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முப்பத்தொரு வயது. இரண்டு பெண் குழந்தைகள். முகத்தில் துக்கமோ பயமோ இல்லை. கடையில் விலை கேட்டுவிட்டு நிற்கிறவன் மாதிரி இருந்தான். கொம்பையாவும் அந்த அரை மணி நேரம் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

"எழுதிக்கோ," என்றேன் ஆற்றிடம். "வழுக்கல. அவராத்தான் எறங்குனாரு."

"உயிரீடு இல்லை. பதிந்தாயிற்று."

தளவாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்ன மதினி செஞ்சிட்டிய? எங்கண்ணன் செத்தது வீணாப் போச்சே."

"போகட்டும்."

"ஊருக்குப் போயி நான் என்னன்னு சொல்ல?"

"ஆத்துல எறங்குனா ஒண்ணும் கெடைக்காதுன்னு சொல்லு."

ஊரில் இனி யாரும் என்னோடு பேச மாட்டார்கள். லாரி வரும் நாளில் எனக்கு யாரும் வழிவிட மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை.

தளவாய் கூழாங்கற்கள்மேல் உட்கார்ந்து சத்தமாக அழுதான். அண்ணனுக்காகவா, தண்ணீருக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். நான் குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். உதறினான். விடவில்லை. இன்னொரு முறை பலமாக உதறினான். ஜீப்பில் ஏறும்வரை நான் விடவில்லை.