நூற்று எண்பத்தெட்டாவது ஆதாரம்

நூற்று எண்பத்தேழு என்று இருக்க வேண்டிய இடத்தில் நூற்று எண்பத்தெட்டு என்று இருந்தது.

மோகனா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மடிக்கணினித் திரையின் அடியில் அதே எண்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணி. ஆம்பூரில் தொழிலாளர் ஆவண மையத்தின் மாடியறையில் அவளைத் தவிர யாருமில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு கட்டுரையாக, ஒவ்வொரு அறிக்கையாக இழுத்து, ஆய்வேட்டின் ஆதாரங்களைப் பட்டியல் போட்டு எண்ணும் மென்பொருளில் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டவுடன் அது சற்று யோசிப்பதுபோலச் சுற்றும். பிறகு எழுதியவர் பெயரையும் ஆண்டையும் தானாகவே நிரப்பும். மறுநாள் காலை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஒரு எண் கூடினாலும் குறைந்தாலும் பின்னிணைப்பு முழுவதும் மாறிப்போகும்.

கடைசியாகச் சேர்ந்தது எது என்று வரிசைப்படுத்தினாள்.

வகை: நேர்காணல். பெயர்: பச்சையப்பன். தேதி: இன்று.

மற்ற கட்டங்கள் காலியாக இருந்தன. மோகனாவின் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன. பச்சையப்பனை அவள் பார்த்ததே இல்லை. மாதனூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவன், ஆறு வருடத்துக்கு முன்பே செத்துப்போனான். அவனைத் தூக்கப் போன இரண்டு பேரும் மேலே வரவில்லை. அவள் பேட்டி எடுத்தது அவன் மனைவி கண்ணம்மாளைத்தான். "பேரு வருமாம்மா புஸ்தகத்துல?" என்று கண்ணம்மாள் கேட்டதற்கு, "கண்டிப்பா வரும்க்கா" என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

அந்தப் பேட்டியை இன்று காலையில்தான் நீக்கினாள். வழக்கு இல்லை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லை, வெறும் வாய்ப்பேச்சை ஆதாரமாகக் காட்டினால் தேர்வாளர் திருப்பி அனுப்புவார் என்று அவளுடைய நெறியாளர் செந்தில்குமார் சொல்லிவிட்டார். பேட்டியோடு மூன்று பெயர்களும் போயின.

பழைய குறிப்பு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து அதை அழித்தாள். எண் குறைந்தது. அடுத்து ஒரு அரசாங்க அறிக்கையை இழுத்துப் போட்டாள். அது சுற்றியது. வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்றியது.

நூற்றுத் தொண்ணூற்றொன்று.

அறிக்கைக்கு மேலே மூன்று நேர்காணல்கள். பச்சையப்பன், பிறகு அவனைத் தூக்கப் போன இருவர். மூன்றுக்கும் தேதி இன்று.

செந்தில்குமாருக்குப் போன் செய்தாள். மென்பொருளில் இருக்கும் ஆதாரப் பட்டியல் இருவருக்கும் பொதுவானது. அவர் வீட்டிலிருந்தும் சேர்க்கலாம்.

"சார், நம்ம லிஸ்ட்ல நீங்க எதனா சேக்கறீங்களா?"

"இல்லம்மா. நான் ஜோலார்பேட்டையில ஒரு கல்யாணத்துல இருக்கேன். லேப்டாப்பே எடுத்துனு வரல. ஏன், இன்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார்."

வைத்த பிறகுதான் அந்த வாடையைக் கவனித்தாள். இந்த ஊரில் தோல் வாடை யாருக்கும் புதிதில்லை; பாலாற்றுப் பக்கமிருந்து காற்றடித்தால் சாப்பிடும் சோற்றில்கூட அடிக்கும். ஆனால் இன்று ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சுண்ணாம்பும் அழுகிய முட்டையும் கலந்த அந்த நெடி படிக்கட்டுப் பக்கமிருந்து, தரையோடு தரையாக, மெதுவாக ஊர்ந்து வந்தது.

கதவு திறந்தது. மையத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் சவுரியம்மாள் டீயோடு நின்றாள்.

"நான் சர்ச்சுக்குப் போய்ட்டு வர்றேம்மா. கீழ பெஞ்சில மூணு பேரு குந்திகினு இருக்காங்க. பேட்டி எடுக்கிற அம்மா மேலதான் இருக்காங்களான்னு கேட்டாங்க."

"யாரு?"

"கம்பெனி ஆளுங்க மாதிரிதான் கீறாங்க. பாவம், மழையில நல்லா நனைஞ்சிட்டாங்க போல. அம்மாவுக்கு வேலை முடியட்டும், நாங்க இருக்கோம்னு சொல்ட்டாங்க."

சவுரியம்மாள் டீயை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கீழே கம்பிக் கதவு கிறீச்சிட்டுத் திறந்து மூடிய சத்தம் கேட்டது. மோகனா ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே சாலை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. எங்கும் ஒரு சொட்டு மழை இல்லை.

இணையத்தைத் துண்டித்தாள். இனி வெளியிலிருந்து எதுவும் வர முடியாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதிப் படி வரை இறங்கி எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் யாருமில்லை. ஆனால் பெஞ்சு நனைந்திருந்தது. மூன்று ஆள் உட்கார்ந்த அகலத்துக்கு நீலமும் பச்சையுமாகத் தோல் தொட்டிக் கழிவுத் தண்ணீர் பலகையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் வெறுங்கால் தடங்கள். அவை வாசலை நோக்கிப் போகவில்லை. படியை நோக்கி வந்து, முதல் படியில் நின்றிருந்தன.

மேலே ஓடிவந்து கதவைத் தாழிட்டாள்.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தாள். நீக்கியவற்றைத் திறந்து கண்ணம்மாளின் பேட்டியைத் தேடி எடுத்தாள். மீட்டெடுத்து, பெயர்களைத் திரும்பச் சேர்த்தாள். பச்சையப்பன், மற்ற இருவர். மூன்று பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். "போட்டுட்டேன். யாரு சொன்னாலும் எடுக்க மாட்டேன்." அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

எண் அதற்குமேல் கூடவில்லை.

வாடை அடங்கியது. மின்விசிறியின் சத்தம் மறுபடி காதில் விழுந்தது. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. பரவாயில்லை. நாளைக்குத் தேர்வாளர் என்ன கேட்டாலும் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

எண் நகர்ந்தது.

இருநூற்று நான்கு. இருநூற்று முப்பது. அவள் எந்த விசையையும் தொடவில்லை. பட்டியல் தானாக மேலே ஓடியது. அவள் கேள்விப்படாத பெயர்கள். தனகோடி. நயீம் அகமது. ஒரே தகப்பன் பெயரோடு இரண்டு பேர். வயது பதினாறு என்று ஒன்று. அவள் பிறப்பதற்கு முன்பே செத்தவர்கள் என்று சிலவற்றின் குறிப்பில் இருந்தது. எல்லாம் நேர்காணல். எல்லாவற்றுக்கும் தேதி இன்று.

அறுநூறு. தொள்ளாயிரம்.

படியில் சத்தம்.

ஈரக் கால் கல்லில் ஒட்டிப் பிரியும் சத்தம். ஒன்றல்ல. பல.

அவசரம் இல்லாத கால்கள்.

ஜன்னலுக்குப் போனாள். கொக்கியை நீக்க விரல் வரவில்லை. கண்ணாடி வழியே பார்த்தாள். நல்ல வெயில். வாசலிலிருந்து வரிசை. ஒருவர் பின் ஒருவராக, உச்சியிலிருந்து பாதம் வரை நீலச்சேறு வழிய, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஸ்கூட்டர்க்காரன் அவர்களுக்கு நடுவே புகுந்து போனான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வரிசையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து அவளையே பார்த்தார்கள்.

பின்னால் நாற்காலி இழுபட்டது.

தாழ்ப்பாள் போட்டபடியேதான் இருந்தது.

மேசைக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். முழங்கைகளை ஒடுக்கி, பெரிய ஆபீசுக்கு வந்தவன்போல, நாற்காலியின் நுனியில். அவனுக்குப் பின்னால் இருவர். இருவருக்கும் பின்னால் அறை நிறைய.

அவன் பேச வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. நீலத் தண்ணீர் வந்தது. மோவாயில் வழிந்து, மேசையில் பரவி, காகிதங்களை நனைத்து, விளிம்பிலிருந்து அவள் கால்மேல் சொட்டியது. அவன் நிறுத்தவில்லை. பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் உதட்டை அசைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.