பின்சுவர் ஸ்பீக்கர்

இடைவேளைக்குப் பிறகு வரும் ஆற்றங்கரைக் காட்சியில், கதாநாயகி ஒன்றும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிடத்தில், தியேட்டரின் இடப்பக்கச் சுவரிலிருந்து யாரோ நகத்தால் இரண்டு தரம் தட்டினார்கள். டொக், டொக். கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு தரம்.

நளீர் புரொஜெக்டர் அறையின் சின்ன ஜன்னலால் கீழே எட்டிப் பார்த்தான். வியாழக்கிழமை காலை பத்து மணி, வெறும் சோதனை ஓட்டம். வெளியே கல்முனைத் தெருவில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, கதவடைத்த தியேட்டருக்குள் மட்டும் இருட்டு. இருட்டோடு பழைய மெத்தைகளின் புழுக்கமும், நேற்றுக் கழுவிய பினாயில் மணமும், எங்கோ செத்த எலியின் வாடையும். கீழே ஒரு தலையும் இல்லை.

படம் அவனுக்கு மனப்பாடம். நாற்பது வருடப் பழசு. முன்பு இதே தியேட்டரில் ஓடிய பிரதியில் மழை பெய்கிற மாதிரிக் கோடு விழும், கலர் வெளிறியிருக்கும், சத்தம் மோனோ. மோனோ என்றால் சத்தத்துக்கு ஒரே வாசல்தான். திரைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் ஒரு பெட்டி. பாட்டானாலும் அழுகையானாலும் இடியானாலும் அதற்குள்ளால்தான் வர வேண்டும். இப்போது மறுவெளியீடு என்று கொழும்பிலிருந்து வந்திருப்பதோ புதுப் பிரதி. கோடுகளைத் துடைத்து, கலரை ஏற்றி, சத்தத்தைப் பிரித்து ஐந்து தசம் ஒன்றாக ஆக்கியிருந்தார்கள். முன்னால் மூன்று இடத்தால் வரும், இரண்டு பக்கச் சுவராலும் அதன் தொடர்ச்சியாகப் பின்சுவராலும் வரும், அடியில் முழங்க வேறொன்று. துடைத்த துடைப்பில் கதாநாயகனின் அம்மைத் தழும்புகூடப் போய்விட்டது. ஆளைப் பார்த்தால் குளிப்பாட்டிக் கிடத்திய மாதிரி இருந்தது.

நளீர் அந்த இடத்தை மறுபடி ஓட்டினான். டொக், டொக். மூன்றாவது தரம் ஓட்டியபோது சத்தம் அதே ஸ்பீக்கரில் வரவில்லை. அதற்கு அடுத்ததில், ஓரடி பின்னுக்கு வந்தது. மீட்டரில் பக்கச் சுவர்களுக்கான முள் அசையவே இல்லை.

தியேட்டர் முதலாளி முர்ஷித் ஹாஜியாரை மேலே கூப்பிட்டான். அவர் படியேறி மூச்சு வாங்கி முடிப்பதற்குள் தட்டலும் நின்றுபோயிருந்தது.

"பக்கத்தால ஒரு சத்தம் வந்திச்சு ஹாஜியார். பழைய பிரதியில இல்லாத சத்தம்."

"காத்து, குருவி, ஆத்துத் தண்ணி, அதெல்லாம் பக்கத்தால வரும் எண்டுதானே கொழும்பில சொன்னானுகள்." ஹாஜியார் சிரித்தார். "உனக்கு மோனோக் காது நளீர். நாளைக்குப் பழகிரும்."

ஹாஜியாருக்குச் சிரிப்பு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது அவருக்கு எங்கே தெரியும்? அந்தத் தட்டல் காற்றுமில்லை, குருவியுமில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை நகத்தால் இரண்டு தரம் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி இரண்டு தரம் தட்டுகிற ஒரு ஆளை நளீருக்குத் தெரியும். பாண்டிருப்புக் கிசோக். தியேட்டரின் சவுண்ட் மெக்கானிக், நளீரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவன். அவன் செத்து ஆறு வருடம்.

அந்தத் தியேட்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வளவில் பள்ளிவாசல். அங்கே தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினால் படம் ஓடும், சத்தம் ஓடாது. வால்யூமைக் குறைத்தால் மட்டும் போதாது, இரைச்சல் கசியும் என்று ஹாஜியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், சவுண்டின் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவான் நளீர். ஊமைப் படத்தைப் பார்த்துக்கொண்டு சனம் கச்சான் கடலைக் கோது உடைக்கும். பாங்கு முடியும். நளீர் துஆவை முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சை ஏற்றுவான். பத்தொன்பது வருடமாக அந்தக் கைக்கு அவனுடைய மூளை தேவைப்பட்டதே இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு மாலைக் காட்சி. இதே படம், பழைய பிரதி. அப்போது அம்ப்ளிபயரும் திரைக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டியோடு இருந்தது. பின்னேரமெல்லாம் அது கரகரத்தது. பொழுது சாய்கிற மஃரிப் பாங்குக்குச் சுவிட்சை இறக்கின கையோடு கிசோக் புரொஜெக்டர் அறை வாசலில் தலையை நீட்டினான். "நானா, நான் பின்னுக்குப் போறன். பாங்கு முடிஞ்சாலும் போட்டுராதீங்க. நான் சொன்ன மறுகா போடுங்க."

"ஓம், ஓம். நீ சொல்லாமப் போட மாட்டன்," என்றான் நளீர்.

பாங்கு முடிந்தது. கீழே யாரோ விசிலடித்தார்கள். உதட்டில் துஆ. கை போய்ச் சுவிட்சை ஏற்றிவிட்டது.

இரும்புச் சட்டத்தில் ஒட்டிக் கிடந்த கிசோக்கின் உள்ளங்கையைக் கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. விசாரிக்க வந்தவர்களிடம் நளீர் சொன்னது இரண்டு வசனம். "எனக்குச் சொல்லாமப் போயிட்டான். கொஞ்சம் குடிச்சிருந்தான் போல." முதல் வசனம் தன்னைக் காப்பாற்ற. இரண்டாவது ஏன் வாயில் வந்தது என்று அவனுக்கே இன்றுவரை தெரியாது. கிசோக் வெற்றிலைகூடப் போடாதவன். ஆனால் ஊர் அந்த இரண்டாவது வசனத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை நாலரைக் காட்சிக்கு வாசலில் சனம் நிரம்பி வழிந்தது. அந்த நெரிசலில் கிசோக்கின் மனைவி யதுசா தனியே நின்றாள். நளீர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறப் பார்த்தான். அவள் கண்டுவிட்டாள்.

"நளீர் நானா. சுகமா இருக்கீங்களா?"

"ஓம் தங்கச்சி. நீ... படத்துக்கா?"

"அவர் எந்த நாளும் சொல்லுவார். இந்தப் படத்த ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க, சத்தத்தப் பிரிச்சு நாலு பக்கத்தாலயும் விட்டாத் தெரியும் எண்டு. இப்ப பிரிச்சிருக்காம் எண்டு கேள்விப்பட்டன். அவருக்காகக் கேட்டுட்டுப் போவம் எண்டு வந்தன்." போய்விடுவாள் என்று பார்த்தான். போகவில்லை. "நானா, ஒண்டு கேக்கட்டா? மகனுக்குப் பத்து வயசு. 'உங்கப்பா குடிச்சுப்போட்டுச் செத்தவர்' எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லியிருக்காங்க. புள்ள வந்து என்னட்டக் கேக்கிறான். கடைசியாக் கண்டது நீங்கதானே. அவர் அண்டைக்குக் குடிச்சிருந்தவரா?"

ஒரு சொல் போதும். இல்லை என்ற ஒரு சொல். அது தொண்டைவரை வந்ததும் உண்மை.

"படம் தொடங்கப் போகுது தங்கச்சி," என்று சொல்லிவிட்டு நளீர் படியேறினான்.

படம் நன்றாகத்தான் போயிற்று. முதல் பாட்டுக்குக் கைதட்டல் விழுந்தது. மழைக் காட்சியில் இரண்டு பக்கச் சுவராலும் மழை இறங்க, ஒரு கிழவர் உண்மையாகவே அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நளீரின் காது மட்டும் படத்தில் இல்லை. வசனங்களுக்கு இடையில், பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற சின்ன இடைவெளிகளில், அது தட்டலைத் தேடிக்கொண்டிருந்தது. இல்லை. இடைவேளை வந்தது, போனது. ஒரு தட்டலும் இல்லை. மோனோக் காதுதான் போலிருக்கிறது என்று அவன் மூச்சு விட்டான்.

ஆற்றங்கரைக் காட்சி வந்தது. மஃரிப் பாங்கும் வந்தது.

நளீர் திரும்பிச் சுவிட்சை இறக்கினான். இப்போது அம்ப்ளிபயர் அடுக்கு முழுவதும் மேலே, அவனுடைய முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. கிசோக் செத்த பிறகு ஹாஜியார் இங்கே மாற்றிவைத்தது. சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. விசிறி நின்றது. கரண்ட் இல்லை. கீழே கச்சான் கோது உடைகிற சத்தம், ஒரு குழந்தையின் சிணுங்கல், சுவருக்கு அப்பால் பாங்கு சொல்லும் முஅத்தினின் குரல். திரையில் கதாநாயகி வாய் திறக்காமல் நின்றாள்.

டொக், டொக்.

திரைக்குப் பின்னாலிருந்து.

அவன் விளக்குகளைப் பார்த்தான். எல்லாம் அணைந்துதான் கிடந்தன. சுவிட்ச் கீழேதான் இருந்தது.

"நானா, நான் பின்னுக்குப் போறன்."

பழைய பிரதியின் குரல் மாதிரி, கரகரத்து, ஒரே பெட்டிக்குள்ளிருந்து வந்தது. படத்தில் வரும் வசனம் என்று நினைத்து யாரோ ஒருவர் சிரித்தார். முன்வரிசையில் கச்சான் உடைப்பது நின்றது.

"பாங்கு முடிஞ்சாலும் போட்டுராதீங்க."

இந்தத் தடவை பெட்டிக்குள் இல்லை. இடப்பக்கச் சுவரில், முதலாவது ஸ்பீக்கரில். கரகரப்பும் இல்லை, யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. முன்வரிசைத் தலைகள் அந்தப் பக்கம் திரும்பின.

"நான் சொன்ன மறுகா போடுங்க."

இரண்டாவது ஸ்பீக்கர். மூன்றாவது. குரல் சுவரோடு நடந்து வந்தது, அவசரமில்லாமல், செருப்புக் காலை இழுத்து இழுத்து. கிசோக் அப்படித்தான் நடப்பான். ஒவ்வொரு வரிசையாகத் தலைகள் அதனோடு கிறுகின. மோனோவில் அவனுக்கு ஒரே வாசல். ஆறு வருடம் அந்த ஒரே வாசலுக்குப் பின்னால் நின்றிருக்கிறான். சத்தத்தைப் பிரித்துச் சுவரெல்லாம் வாசல் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

பாங்கு முடிந்தது.

யாரும் விசிலடிக்கவில்லை.

சுவிட்சை ஏற்றினால் படத்தின் சத்தம் இதை மூடிவிடும். நளீருக்கு அது தெரியும். கை பாதி போயிற்று. போன கை நின்றது. போட்டுராதீங்க என்று கிசோக் சொல்லியிருக்கிறான். உள்ளே அவன் இருந்தால்?

பின்சுவர் ஸ்பீக்கர். ஜன்னலுக்கு நேர் கீழே. அதிலிருந்து வேறொரு குரல் வந்தது.

"ஓம், ஓம். நீ சொல்லாமப் போட மாட்டன்."

நளீரின் குரல். ஊருக்கே தெரிந்த குரல்.

முந்நூறு முகங்கள் திரையை விட்டுவிட்டு மேலே, ஜன்னலைப் பார்த்தன. புரொஜெக்டர் வெளிச்சத்தில் கண்கள். நடுவில் ஒரு பெண் எழுந்து நின்றாள். யதுசா. அழவில்லை. கத்தவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடிக்கல்ல," என்றான் நளீர். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. "தங்கச்சி, அவன் குடிக்கல்ல. எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவன்." காற்றுத்தான் வந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவன் உண்மை பேசினான், அதற்கு மட்டும் ஒரு ஸ்பீக்கரும் இல்லை.

கீழே இறங்கி ஓட நினைத்தான். இடது கை வரவில்லை. தடுமாறிய நேரத்தில் அடுக்கின் இரும்புச் சட்டத்தில் ஊன்றியிருக்க வேண்டும். இழுத்தான். உள்ளங்கை ஒட்டிக் கிடந்தது. கரண்ட் இல்லாத இரும்பு. சுடச் சுட இருந்தது. மயிர் கருகும் வாடை அடித்தது.

செருப்புச் சத்தம். இப்போது ஸ்பீக்கரில் இல்லை. படியில். பிறகு வாசலில்.

டொக், டொக். அடுக்கின் மேல் தகட்டில், அவனுடைய காதுக்குப் பக்கத்தில்.

கீழே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனை அல்ல. அவனுக்குப் பின்னால்.

"சரி நானா," என்றது அந்தக் குரல், அன்பாக. "இப்ப போடுங்க."

பத்தொன்பது வருடப் பழக்கம். வலது கை எழுந்து சுவிட்சுக்குப் போயிற்று.